டெல்டா கொல்லையில் பூண்டு: பயிர் ஃபிரிட்ஜில் தொடங்குகிறது

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்துக் கொல்லைகளில் பூண்டு முளைக்காமல் போவது அரிது. அடுக்களையில் மீந்த பல்லை மண்ணில் செருகினாலும் பத்து நாளில் பச்சை முனை எட்டிப் பார்க்கும். ஒரு மாதத்தில் சாண் உயரத் தாள் நிற்கும். ஏமாற்றம் பங்குனியில்தான் வரும். தோண்டிப் பார்த்தால் அடியில் கோலிக்குண்டு அளவில் ஒற்றை உருண்டை கிடக்கும். சில செடியில் அதுவும் இல்லாமல் வெங்காயத்தாள் மாதிரி வெள்ளைத் தண்டு மட்டும் வரும். உடனே களிமண் மேல் பழி விழும். களிமண்ணுக்கும் பங்கு உண்டு. ஆனால் முதல் குற்றம் அதனுடையது அல்ல.

பூண்டு கிழங்கு கட்டிப் பல் பிரிய வேண்டுமானால், அதற்கு முன்னால் அது குளிரில் சில வாரம் இருந்திருக்க வேண்டும். கொடைக்கானல் ஏறக்குறைய தஞ்சாவூரின் அட்சரேகையில்தான் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் பகல் நீளம் கிட்டத்தட்ட ஒன்று. அங்கே பூண்டு திரண்டு 2019இல் புவிசார் குறியீடு வரை வாங்கியிருக்கிறது, இங்கே தாளோடு நின்றுவிடுகிறது என்றால், நடுவில் இருக்கும் வித்தியாசம் ஏழாயிரம் அடி உயரமும் அது தரும் குளிரும்தான். டெல்டாவில் மார்கழி, தை இரவுகளில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ் அருகே வந்து நின்றுவிடும். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பதெல்லாம் நமக்கு. பூண்டுக்கு அது குளிரே இல்லை. அது கேட்பது 5 முதல் 10 டிகிரி, அதுவும் ஒரு மாதத்துக்குக் குறையாமல். இந்த ஊரில் அதைத் தரக்கூடியது வீட்டு ஃபிரிட்ஜின் காய்கறிப் பெட்டி.

ஃபிரிட்ஜில் மறந்துபோன பூண்டு உள்ளுக்குள் பச்சை முளை விட்டிருப்பதையும், வெளியே கூடையில் தொங்கிய பூண்டு சுருங்கினாலும் முளைக்காமல் கிடப்பதையும் எல்லா வீட்டிலும் பார்த்திருப்போம். நம் ஊர்ச் சூட்டில் பல் உறங்குகிறது. 5 முதல் 15 டிகிரிக்குள் விழித்துக்கொள்கிறது. சமையலுக்கு வைத்த பூண்டில் நம்மைக் கடுப்பேற்றும் அதே குணம்தான் விதைப் பூண்டில் நமக்கு வேண்டியது.

விதையைப் பற்றி முதலில். மளிகைக் கடையில் பெரிய பெரிய பல்லோடு வரும் இமாச்சல், காஷ்மீர்ப் பூண்டை விதைக்கு எடுக்கக் கூடாது. அவை நீண்ட பகல் கேட்கும் வகைகள். டெல்டாவில் ஆண்டின் மிக நீண்ட பகலே 12¾ மணி நேரம்தான். பூண்டு வளரும் மார்கழியிலோ 11½ மணி நேரம். எவ்வளவு குளிரூட்டினாலும் அவை தாளாகவே நிற்கும். தேசியத் தோட்டக்கலை ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் யமுனா சஃபேத், அக்ரிஃபவுண்ட் ஒயிட் போன்றவை சமவெளிக்கான ரகங்கள். பல் சிறியது, ஒரு பூண்டில் இருபதுக்கு மேல் இருக்கும், உரிக்கச் சலிப்புத்தான்; ஆனால் இங்கே கிழங்கு கட்ட வாய்ப்புள்ளவை இவையே. அதே நிறுவனத்தின் அக்ரிஃபவுண்ட் பார்வதி மலைக்கானது, பெயர் பார்த்து ஏமாற வேண்டாம். ரகப் பெயரோடு விதை கிடைக்காதவர்கள் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் பக்கத்திலிருந்து வரும் சிறு பல் வெள்ளைப் பூண்டையோ, வடுகபட்டிச் சந்தை வழியாக வரும் கொடைக்கானல் மலைப்பூண்டையோ எடுக்கலாம். மலைப்பூண்டில் மணம் கூடுதல், ஆனால் கிழங்கு கட்டும் என்ற உறுதி குறைவு.

எந்தப் பூண்டானாலும் அடித்தட்டைப் பார்த்து வாங்குங்கள். காய்ந்த வேர்த் துணுக்கு ஒட்டியிருந்தால் நல்லது. அடியை வழவழவென்று செதுக்கி, பளீரென்ற வெள்ளையில் இருப்பது வேண்டாம். முளைக்காமல் இருக்கக் கதிர்வீச்சு கொடுத்த பூண்டும் சந்தையில் உண்டு. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஐந்து பல்லை ஈரத்துணியில் சுற்றி ஒரு டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜிலேயே பத்து நாள் வையுங்கள். நாலிலாவது அடியில் வெள்ளை வேர் மொட்டு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்தப் பூண்டு ரசத்துக்கு.

எவ்வளவு வாங்குவது என்றால், 3 அடி அகலம் 8 அடி நீளமுள்ள ஒரு பாத்திக்கு ஏறக்குறைய 150 பல் வேண்டும். வெளிச்சுற்றுப் பருத்த பல் மட்டுமே கிழங்குக்கு ஆகும் என்பதால், கழிவு போக முக்கால் கிலோ வாங்கினால் சரியாக இருக்கும்.

இப்போது நாள் கணக்கு. டெல்டாவில் இதுதான் முழு வித்தையும். நூலில் எழுதியிருக்கிறது என்று அக்டோபரில் நட்டால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பல் அழுகும். மழைக்குப் பயந்து தையில் நட்டால், நாலு இலை விடுவதற்குள் மாசி வெயில் வந்து செடியைக் கிழங்கு கட்டச் சொல்லித் துரத்தும். நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது: கார்த்திகை கடைசி வாரத்திலிருந்து மார்கழி முதல் வாரம் வரை, அதாவது டிசம்பர் 10 முதல் 20 வரை. புயல் அப்போதும் வரலாம்; ஆனால் நாள்கணக்கில் நின்று பெய்யும் மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். அங்கிருந்து பின்னால் எண்ணினால், பூண்டு ஃபிரிட்ஜுக்குள் போக வேண்டிய நாள் நவம்பர் முதல் வாரம். தீபாவளி பலகாரங்களோடு இடத்துக்குப் போட்டி போடும், முன்கூட்டியே வீட்டில் சொல்லிவைத்துவிடுவது நல்லது.

பூண்டைப் பல்லாகப் பிரிக்காமல் முழுதாகவே வையுங்கள். காகிதப் பையோ மெல்லிய துணிப் பையோ போதும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வியர்த்துப் பச்சைப் பூசணம் ஏறும். வைக்கும் இடம் கீழே உள்ள காய்கறிப் பெட்டி. ஃப்ரீசரை ஒட்டிய தட்டு ஆகாது. உறைந்த பல் கண்ணாடி மாதிரி ஆகி, வெளியே எடுத்ததும் கூழாகிவிடும். வாரம் ஒருமுறை கையைவிட்டுத் தடவிப் பார்த்து, மெத்தென்று இருப்பதை எடுத்தெறியுங்கள்.

கணக்கு 30 முதல் 40 நாள். அதிகம் வைத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. குளிர் கூடக்கூடச் செடி சீக்கிரம் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும், போதுமான இலை வருவதற்கு முன்பே. கிழங்கின் அளவைத் தீர்மானிப்பது, அது கட்டத் தொடங்கும் நாளில் செடியில் எத்தனை இலை இருக்கிறது என்பதுதான். ஆறேழு இலையோடு தொடங்கினால் நெல்லிக்காயைத் தாண்டும். நாலு இலையோடு தொடங்கினால் பல் பிரிந்தும் சுண்டைக்காய்ப் பல்லாக இருக்கும். இரண்டு மாதத்துக்கு மேல் குளிரில் கிடந்த பல் பக்கத்தில் கிளை முளை விட்டு, கோணல்மாணலான கிழங்கைத் தருவதும் உண்டு. குளிர் குறைந்தால் ஒற்றை உருண்டை, கூடினால் குட்டிக் கிழங்கு. இதற்கு நடுவில்தான் நிற்க வேண்டும்.

வெளியே எடுத்த பூண்டை இரண்டு நாளுக்குள் நட்டுவிடுங்கள். மழை வந்துவிட்டதே என்று ஒரு வாரம் சமையலறையில் போட்டுவைத்தால், பெற்ற குளிரின் பலன் அந்தச் சூட்டில் கரைந்துபோகும். மழை வந்தால் ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும்.

பாத்தி வேலை, பூண்டு ஃபிரிட்ஜில் இருக்கும்போதே நடக்க வேண்டும். டெல்டாவின் வண்டல் களி நனைந்தால் பிசின், காய்ந்தால் பாளம். கிழங்கு பருக்க முடியாமல் பக்கவாட்டில் நசுங்கும். தண்ணீர் நின்றால் இரண்டே நாளில் வேர் பழுப்பாகும். தரையில் ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி, சுற்றிலும் மண்வெட்டி அகலத்துக்கு வடிகால் எடுத்து, அது எங்கே போய்ச் சேருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல கொல்லைகளில் வடிகால் அழகாக வெட்டப்பட்டு, கிணற்றடியில் போய் முட்டி நிற்கும். 3 அடிக்கு 8 அடி பாத்திக்கு நன்றாக மக்கிய சாணி எரு 10 கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 200 கிராம், ஜிப்சம் 100 கிராம். களர் மண்ணுக்கு ஜிப்சம் போட்டுப் பழகிய ஊர் இது. பூண்டுக்கு அது வேறு காரணத்துக்காக. அதிலுள்ள கந்தகம்தான் காரத்துக்கும் மணத்துக்கும் மூலப்பொருள். இதோடு ரைஸ்மில்லில் கிடைக்கும் உமிக்கரி இரண்டு கூடை சேர்த்தால் களி உடையும். கருப்பாகக் கருகிய உமிதான் வேண்டும். வெள்ளையாக எரிந்து முடிந்த சாம்பலை அள்ளிக் கொட்டினால் மண் காரத்தன்மைக்குப் போய்விடும். எருவில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையின் பொடி 25 கிராமைப் பிசறி, ஈரச் சாக்கு மூடி ஒரு வாரம் நிழலில் வைத்துப் போட்டால் அடியழுகலுக்கு முன்காப்பு.

கொள்ளிடக் கரை, காவிரிக் கரைப் படுகைக் கொல்லைக்காரர்களுக்கு இந்தப் பாடு இல்லை. மணல் கலந்த அந்த மண்ணில் அரையடி மேடு போதும். நாகை, வேதாரண்யம் பக்கம் சிக்கல் மண்ணில் இல்லை, தண்ணீரில். பூண்டு உப்பைத் தாங்காது. நிலத்தடி நீர் கரித்தால் தாளின் நுனி நாலைந்து விரற்கடை காய்ந்து நிற்கும், எந்த உரத்துக்கும் திரும்பாது. அங்கே ஐப்பசி மழையைத் தொட்டியில் பிடித்துவைத்துப் பைகளில் வளர்ப்பதே வழி.

மாடியிலோ பையிலோ என்றால் வல்லம், கந்தர்வகோட்டைப் பக்கத்துச் செம்மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. தென்னைநார்க் கழிவு மட்டும் நிரப்பிய பை இதற்கு ஏற்றதல்ல. மார்கழியில் ஈரம் காயவே காயாது. 9 அங்குல ஆழம் போதும். இரண்டடிக்கு ஒரு அடி தொட்டியில் 15 பல், ஒரு அடி வட்டப் பையில் ஆறு. பையில் ஒரு லாபம் உண்டு: மழை வந்தால் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடலாம். அதனால் மூன்று வாரம் முன்னதாக, நவம்பர் இருபதை ஒட்டியே நடலாம். அதற்குத் தகுந்தபடி ஃபிரிட்ஜில் வைப்பதும் முந்த வேண்டும். மூன்று வாரம் என்றால் கூடுதலாக இரண்டு மூன்று இலை. கிழங்குக்கு அதன் மதிப்பு என்ன என்று மேலே பார்த்தோம்.

நடும் அன்று காலையில்தான் பல் பிரிக்க வேண்டும். தோலை உரிக்கக் கூடாது. அடித்தட்டு பிய்ந்த பல் வேர் விடாது. ஒரு லிட்டர் தண்ணீரில் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவின் பொடி 10 கிராம் கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி நடுங்கள். 15 சென்டிமீட்டருக்கு ஒரு வரிசை, வரிசையில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு பல். தட்டையான அடி கீழே, கூர் மேலே. தலைகீழாக நட்டாலும் முளைக்கும், ஆனால் முளை வளைந்து மேலே வருவதற்குள் பாதிச் சத்து போய்விடும், கழுத்தும் கோணும். விரலால் குழி போட்டு வையுங்கள். பல்லைப் பிடித்து மண்ணுக்குள் அழுத்தினால் அடிமண் இறுகி, வேர் விடும்போது பல்லே மேலே எழும்பி வந்துவிடும். மேலே களியில் ஒரு அங்குலம், இலகு மண்ணில் ஒன்றரை அங்குலம் மண். அதற்கு மேல் இரண்டு அங்குலம் வைக்கோல் மூடாக்கு. அந்த நேரத்தில் கையில் இருப்பது குறுவை வைக்கோல், நெல்மணி ஒட்டியிருக்கும். நன்றாக உதறிப் போடாவிட்டால் பூண்டுப் பாத்தி நாற்றங்காலாகிவிடும். கோழி வளர்க்கும் வீடுகளில் மேலே பழைய வலையைக் குச்சி நட்டு விரியுங்கள், மூடாக்கைக் கண்டால் அவை விடாது.

குளிர் கண்ட பல் ஐந்து முதல் எட்டு நாளில் முளைக்கும். பதினைந்து நாள் ஆகியும் வராத இடத்தைத் தோண்டிப் பாருங்கள். அழுகியிருந்தால் சுற்றியுள்ள கைப்பிடி மண்ணோடு எடுத்துவிட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் கை கூடுதலாகப் போகிறவர்கள்தான் அதிகம். முதல் இரண்டு வாரம் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. பிறகு விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டாவிட்டால் மட்டும். களியில் அது வாரம் ஒருமுறைகூட ஆகலாம், பையில் ஒன்றுவிட்டு ஒரு நாள். காலையில், அடியில் ஊற்றுங்கள். மார்கழியில் பனி விழுந்த தாள் எட்டு மணி வரை நனைந்தே இருக்கும். மாலையில் மேலே தெளித்தால் இரவு முழுக்க ஈரம், அங்கேதான் ஊதாப் புள்ளி நோய் குடியேறும்.

பொங்கலுக்கு இஞ்சிக் கொத்தும் மஞ்சள் கொத்தும் வாங்கும் நேரத்தில் செடியில் நாலைந்து இலை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பசி. கடலைப் பிண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, பத்து லிட்டராக்கி அந்த எட்டடிப் பாத்திக்கு ஊற்றலாம். நட்ட 20ஆம் நாள் ஒருமுறை, 45ஆம் நாள் ஒருமுறை. இடையில் லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யா தெளிக்கலாம். 45 நாளுக்குப் பிறகு தழைச்சத்தை அடியோடு நிறுத்துங்கள். செடி சற்று வெளிறித் தெரிவதைப் பார்த்து மனம் கேட்காமல் யூரியாவோ பிண்ணாக்குக் கரைசலோ ஊற்றுவார்கள். செடி திரும்பத் தழைக்கும், கழுத்துத் தடித்துப்போகும், கிழங்குக்குள் கட்டிய பல்லே மறுபடி முளைவிட்டுப் பக்கத்தில் பிதுங்கும். கிழங்குப் பருவத்தில் ஒரு கை விறகுச் சாம்பல் தூவினால் போதும்.

மஞ்சள் நிறத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. மழைக்குப் பிந்திய இரண்டாம் மூன்றாம் நாள் எல்லாச் செடியிலும் அடி இலை ஒரே மாதிரி மஞ்சளானால் அது தண்ணீர்த் தேக்கம்; வடிகாலைப் பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக நுனியிலிருந்து மஞ்சள் இறங்கி, இழுத்தால் வேரில்லாமல் கையோடு வந்தால் அடியழுகல். செடியை எடுத்துவிட்டு, பக்கத்துச் செடிகளுக்கு லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கரைத்து வேரில் ஊற்ற வேண்டும். இலையில் வெள்ளையாகக் குழிந்து நடுவில் ஊதா நிறம் ஏறினால் ஊதாப் புள்ளி. அந்த இலையை வெட்டி எரித்துவிடுங்கள், குப்பைக்குழியில் போட வேண்டாம். பங்குனியில் அடியிலிருந்து ஒவ்வொரு இலையாகக் காய்ந்தால் அது முதிர்ச்சி, அதற்கு மருந்து தேடக் கூடாது.

தை கடைசியில் காற்று உலரத் தொடங்கியதும் இலைப்பேன் வரும். இலை மேல் வெள்ளிக் கோடு கிழித்தாற்போல் இருக்கும், நடுக்குருத்து முறுக்கிக்கொள்ளும். பேன் இருப்பது இலைகள் சேரும் இடுக்கில், அதனால் மேலாகத் தெளிப்பதில் பலனில்லை. வேப்ப எண்ணெய் 5 மில்லி, கரைத்த காதி சோப்பு 2 மில்லி, ஒரு லிட்டர் தண்ணீர். கலக்கிய உடனே, மாலையில், இடுக்குக்குள் இறங்கும்படி அடியுங்கள். வாரம் ஒன்றாக மூன்று முறை. சின்ன வெங்காயம் பக்கத்துப் பாத்தியில் இருந்தால் இது ஓயாது; இரண்டுக்கும் பேனும் நோயும் பொது. வெங்காயம் எடுத்த பையின் மண்ணையும் பூண்டுக்குப் பயன்படுத்த வேண்டாம்.

தாளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் நிச்சயமாகக் கிடைக்கும் விளைச்சல் அதுதான். துவையலுக்கும் முட்டைப் பொரியலுக்கும் ரசத்தில் கிள்ளிப் போடவும் அதற்கு ஈடில்லை. ஆனால் கிழங்குச் செடியில் வெட்டும் ஒவ்வொரு இலையும் கிழங்கிலிருந்து வெட்டுவதே. பூண்டின் நடுவில் இருக்கும் மெலிந்த பற்களை வேறொரு தொட்டியில் இரண்டு அங்குல நெருக்கத்தில் நட்டுவிடுங்கள். குளிரூட்டவும் வேண்டாம், அடைமழை நேரம் தவிர எப்போதும் நடலாம். 30ஆம் நாளிலிருந்து அடியில் ஒரு அங்குலம் விட்டு வெட்டினால் இரண்டு மூன்று முறை துளிர்க்கும். வேதி மருந்து அடித்த செடியின் தாளை மட்டும் தொடக் கூடாது.

நட்டு 95 நாள் ஆனதும் தண்ணீரைக் குறைத்து, அடியிலுள்ள நாலைந்து இலை காய்ந்து கழுத்துத் துவளத் தொடங்கியதும் நிறுத்துங்கள். ஒரு செடியைத் தோண்டிப் பாருங்கள். தோல் மேல் பல்லின் வரம்பு கைக்குத் தட்டுப்பட்டால் பத்து நாளில் எல்லாவற்றையும் எடுக்கலாம். உருண்டையாக வழவழவென்று இருந்தால் இன்னும் ஒரு வாரம் பாருங்கள். அதற்கு மேல் காத்திருப்பதில் லாபமில்லை. கோடை மழை ஒன்று விழுந்தால் தோல் வெடித்துப் பல் முளைத்துவிடும். தாளைப் பிடித்து இழுக்காமல் களைக்கொட்டால் பக்கத்து மண்ணைக் கிளறி எடுங்கள். பங்குனி வெயிலில் காயப் போட்டால் பல் வெந்து மஞ்சள் கண்ணாடி ஆகும். தாளோடு பத்துப் பத்தாகக் கட்டி, காற்றோட்டமான தாழ்வாரத்தில் இரண்டு வாரம் தொங்கவிடுங்கள். கடற்கரைப் பக்கம் மூன்று வாரம். கழுத்து விரலில் நொறுங்கினால் காய்ந்துவிட்டது.

வருவது மலைப்பூண்டு அளவில் இருக்காது. எலுமிச்சை அளவு வந்தால் மிக நல்லது, நெல்லிக்காய் அளவே வழக்கம், சில உருண்டையாகவே இருக்கும். அந்த ஒற்றைப் பல் உருண்டைகளைத் தோல்வி என்று சமையலுக்குக் கொட்டிவிடாதீர்கள். நோயில்லாத, கனமான உருண்டைகளை விதைக்குத் தொங்கவிட்டு, ஐப்பசியில் ஃபிரிட்ஜுக்கு அனுப்பி நட்டால், சாதாரணப் பல்லிலிருந்து வந்த செடியைவிடத் தடித்த செடி எழும். பல் பிரிந்த கிழங்காக அது மாறும் வாய்ப்பும் கூடுதல். சொந்த விதையை இரண்டு மூன்று ஆண்டு ஓட்டலாம். அதற்குப் பிறகு நச்சுயிரி சேர்ந்து இலையில் வெளிர்க் கோடுகள் தெரியும், கிழங்கு ஆண்டுக்கு ஆண்டு சிறுக்கும். அப்போது புது விதைக்கு மாறிவிட வேண்டியதுதான்.